கேஸ் எங்கே போயிருக்கும்?

கத்திரி வெயில். சென்னையிலிருந்து பெங்களூரு போகும் வழியில் ஆம்பூரை நெருங்கிக்கொண்டிருந்தோம். வண்டி எண்பதில் ஓடும்வரை ஏசியில் ஒரு குறையும் இல்லை. சுங்கச்சாவடி வரிசையில் நின்ற மூன்றாவது நிமிடம் காற்று வெதுவெதுப்பானது. ஐந்தாவது நிமிடம் பின்சீட்டிலிருந்து அம்மா, "கண்ணாடியை இறக்கிடுப்பா, இதுக்கு வெளிக்காத்தே தேவலை" என்றார். வரிசை கலைந்து வண்டி வேகம் பிடித்ததும் பழையபடி ஜில்லென்று வந்தது.

அந்த வண்டிக்கு அது மூன்றாவது கோடை வைத்தியம். முந்தைய இரண்டு கோடையிலும் ஊரில் ஒரு கடையில் காட்டியிருந்தேன். இரண்டு தடவையும் ஒரே பதில்: "கேஸ் இறங்கிடுச்சு சார்." அரை மணி நேரத்தில் கேஸ் அடித்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு சில வாரங்களில் மழை பிடித்துக்கொள்ளும், குறையும் மறைந்துவிடும். குளிர்ந்தது கேஸாலா, மழையாலா என்று நான் யோசித்ததே இல்லை.

அன்று நெடுஞ்சாலை ஓரத்தில், ஏசி வேலை மட்டும் செய்யும் ஒரு பாயின் பட்டறையில் வண்டியை நிறுத்தினேன். "கேஸ் பார்க்கணும் பாய்" என்றேன். அவர் பானட்டைத் திறக்கச் சொல்லவில்லை. "எப்போ கூலிங் போகுது சார்? ஓடும்போதா, நிக்கும்போதா?" என்று கேட்டார். இரண்டு கோடையில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது.

கேஸ் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்வதே பெட்ரோலை மனத்தில் வைத்துத்தான். பெட்ரோல் எரிகிறது, தீர்கிறது. ஏசி கேஸ் எரிவதில்லை, தேய்வதில்லை. மூடிய குழாய்க்குள் ஆவியாகவும் திரவமாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வீட்டு ஃபிரிட்ஜுக்கு வருஷா வருஷம் யாராவது கேஸ் அடிக்கிறோமா? பதினைந்து ஆண்டுகள் ஒரே கேஸில் ஓடும் ஃபிரிட்ஜுகள் உண்டு. காரில் அந்த அளவுக்கு இறுக்கமாக மூட முடியாது என்பது உண்மைதான். ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர், மோட்டாரோடு சேர்த்துப் பற்றவைத்த ஓர் இரும்புச் செப்புக்குள் இருக்கிறது. கார் கம்ப்ரஸரையோ எஞ்சின் பெல்ட் வெளியிலிருந்து சுழற்றியாக வேண்டும். அதனால் அதன் தண்டு சீலைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. எஞ்சின் குலுங்குவதால் சில இடங்களில் ரப்பர் ஹோஸ் போட வேண்டியிருக்கிறது. இவற்றின் வழியே பல ஆண்டுகளில் கொஞ்சம் கசியும். ஆனால் வருஷம் ஒரு தடவை கேஸ் இறங்குகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். இல்லாவிட்டால், கேஸ் இறங்கவே இல்லை என்று பொருள்.

ஏசி எப்படிக் குளிரவைக்கிறது என்று தெரிந்துகொள்ள அடுப்படியே போதும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று படித்திருக்கிறோம். குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் 120 டிகிரி வரை சூடேற வேண்டியிருக்கிறது; அந்தச் சூட்டில் பருப்பு சட்டென்று வெந்துவிடுகிறது. ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு. அங்கே தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகிறது. அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒரு திரவம் எந்தச் சூட்டில் கொதிக்க வேண்டும் என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் இதில் உள்ள சங்கதி.

கொதித்து ஆவியாகும் திரவம் சுற்றியிருப்பதிலிருந்து வெப்பத்தைப் பிடுங்கிக்கொள்ளும். அந்த ஆவி மறுபடி திரவமாகும்போது, பிடுங்கியதை அப்படியே கக்கிவிடும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது முன்னதால். இட்லிப் பானையைத் திறக்கும்போது ஆவி பட்டுக் கை வெந்துபோவது பின்னதால்.

இன்று நம் சாலையில் ஓடும் பெரும்பாலான கார்களில் சுற்றுவது ஆர் 134ஏ என்ற கேஸ். திறந்த வெளியில் விட்டால் இது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் இதன் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் இது 0 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கிறது. ப்ளோயர் தள்ளும் காற்று காயிலைத் தடவிக்கொண்டு போகும்போது அதிலுள்ள வெப்பத்தை எடுத்துக்கொண்டு கேஸ் ஆவியாகிறது. நம் முகத்துக்குக் குளிர்காற்று வருகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரஸர் உறிஞ்சி, காற்றழுத்தத்தைப் போல் பதினைந்து மடங்கு அழுத்தத்துக்கு நசுக்கி, வண்டியின் முகப்பில் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சருக்கு அனுப்புகிறது. அந்த அழுத்தத்தில் அது 55 டிகிரியிலேயே திரவமாகிவிடும். 42 டிகிரி வேலூர் வெயில்கூட 55 டிகிரிக் கேஸுக்குக் குளிர்காற்றுதான். அதனால் கேஸ் தன் வெப்பத்தை வெயிலிடமே கொட்டிவிட்டுத் திரவமாகிறது. பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளை வழியே பீறிட்டு, அழுத்தம் சட்டென்று விழுந்து, மறுபடி கூலிங் காயிலுக்குள் நுழைகிறது.

ஆக, ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை வாரி வெளியே கொட்டுகிறது. வாரியது அத்தனையும், கம்ப்ரஸர் நசுக்கியதில் பிறந்த வெப்பமும் சேர்ந்து, கண்டென்சர் வழியாகத்தான் போயாக வேண்டும். வேறு வாசல் கிடையாது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது கண்டென்சர் ஃபேன் சுழன்றால்தான் உண்டு.

பாய் கேட்ட கேள்வியின் பொருள் இதுதான். கேஸ் குறைவு என்றால் ஓடும்போதும் குளிர்ச்சி குறைய வேண்டும். நின்றால் மட்டும் போகிறது என்றால் முதலில் ஃபேனைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அவர் இரண்டு கேஜ்களையும் மாட்டினார். நீலம் குறைந்த அழுத்தத்துக்கு, சிவப்பு அதிக அழுத்தத்துக்கு. கணக்கு டயர் காற்றுக்குச் சொல்லும் அதே பி.எஸ்.ஐ. தான். ஆர் 134ஏ வண்டியில், நல்ல வெயிலில், நீலம் 30, 40 என்றும் சிவப்பு 200, 250 என்றும் நின்றால் பழுதில்லை எனலாம். என் வண்டியில் சிவப்பு முள் 250-ஐத் தாண்டி, 300-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. நீலமும் கூடவே ஏறியது. கொஞ்ச நேரத்தில் டக் என்று ஒரு சத்தம். குழாய் வெடித்துவிடக் கூடாதே என்று பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டது. "கேஸ் கம்மின்னா ரெண்டு முள்ளும் கீழே கிடக்கணும் சார். இங்கே ரெண்டும் மேலே போகுது" என்றார்.

பிறகு பையனைக் கூப்பிட்டு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் மெதுவாக ஊற்றினார். சிவப்பு முள் மளமளவென்று இறங்கியது. உள்ளே உட்கார்ந்திருந்த அம்மா, "இப்போ ஜில்லுனு வருதே!" என்றார். ஒரு குடம் தண்ணீரில் நோயைக் கண்டுபிடித்ததை அன்றுதான் பார்த்தேன்.

பானட்டுக்குள் இரண்டு ஃபேன்கள் அடுத்தடுத்து இருந்தன. ரேடியேட்டர் ஃபேன் எஞ்சின் சூட்டுக்கு ஏற்ப ஓடியது. ஏசிக்கான ஃபேன் அசையாமல் நின்றது. எஞ்சின் சூடாகாததால் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. பாய் ஒரு கட்டையால் ஃபேன் மோட்டாரின் முதுகில் தட்டினார். நாலு சுற்றுச் சுற்றி நின்றது. மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. (நீங்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம். இந்த ஃபேன்கள் சொல்லாமல் கொள்ளாமல் சுழலத் தொடங்கும். விரலுக்கு உத்தரவாதம் இல்லை.)

அதோடு விடவில்லை. உள்ளே இருந்த கேஸ் முழுவதையும் ஒரு சிலிண்டருக்குள் உறிஞ்சி எடுத்துத் தராசில் வைத்தார். 470 கிராம். பானட்டின் உள்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் எழுதியிருந்த அளவு 350. கூடுதலாகக் கிடந்த திரவம் கண்டென்சரின் இடத்தை அடைத்துக்கொண்டு, கேஸ் திரவமாவதற்கு இருந்த கொஞ்சநஞ்ச இடத்தையும் பறித்திருக்கிறது. இரண்டு கோடையாக நோயைக் கூட்டுவதற்குத்தான் பணம் கொடுத்திருக்கிறேன்.

அந்தக் கடைக்காரர் கேஜ் வைத்துப் பார்த்துத்தானே அடித்தார் என்று நீங்கள் கேட்கலாம். வீட்டுச் சமையல் சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். முழுச் சிலிண்டரிலும் கால் சிலிண்டரிலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரிகிறது. கடைசிச் சொட்டுத் திரவம் இருக்கும்வரை உள்ளே அழுத்தம் மாறுவதில்லை. அன்றைய வெப்பநிலைதான் அதைத் தீர்மானிக்கிறது. எவ்வளவு மிச்சம் என்று அறியத் தூக்கித்தான் பார்க்கிறோம். கார் ஏசியும் அப்படியே. எஞ்சினை அணைத்துவிட்டு 35 டிகிரி நிழலில் வைத்தால் இரண்டு முள்ளும் 115-க்குப் பக்கத்தில் சேர்ந்து நிற்கும். உள்ளே 200 கிராம் இருந்தாலும் அதே, 470 இருந்தாலும் அதே. ஓடும்போது கேஜ் எத்தனையோ சொல்லும். எத்தனை கிராம் என்று மட்டும் சொல்லாது. அதற்குத் தராசு வேண்டும்.

என் வண்டியின் கதை ஒன்று. குளிரவில்லை என்ற ஒரே வார்த்தைக்குள் வேறு பல கதைகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றைப் பிரித்தறியக் கருவி எதுவும் வேண்டாம். கையும் காதும் போதும்.

காற்று வேகமாக வருகிறதா என்பதை முதலில் பாருங்கள். காற்றே குறைவாக வந்தால் கேஸைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். பெரும்பாலும் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டர்தான் குற்றவாளி. கழற்றினால் மரத்தடியில் நிறுத்திய வண்டிகளிலிருந்து வேப்பிலையும் புழுதியும் கொட்டும். எலி வந்து குடித்தனம் நடத்திய தடயமும் சிலவற்றில் கிடைக்கும். ஒயரையும் அதுவே கடித்து வைத்திருக்கும். ப்ளோயர் ஓடாததற்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்காது.

முதல் அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்று மெல்ல மெல்லக் குறைந்து நின்றே போகிறது; ஏசியை அணைத்துக் கால் மணி நேரம் கழித்துப் போட்டால் பழையபடி வருகிறது; இடையில் வண்டிக்கு அடியில் தண்ணீர் குளமாகத் தேங்குகிறது. இது கூலிங் காயிலில் ஐஸ் கட்டியதன் அடையாளம். காயில் 0 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு சென்சார் இருக்கிறது. அது பழுதானால் காயில் மேல் படியும் ஈரம் உறைந்து காற்றின் வழியை அடைத்துவிடும். அளவுக்கு மீறிக் குளிர்ந்ததால் குளிர்ச்சி நின்றுபோன வண்டி இது. இதற்கும் கேஸ் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வண்டிக்கு அடியில் சொட்டும் தண்ணீரைக் கண்டு பயப்படவும் வேண்டாம். சென்னைக் காற்றில் இருக்கும் ஈரத்தைக் காயில் பிழிந்து கொட்டுகிறது, அவ்வளவுதான். மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் சொட்டினால், அதற்கு மட்டும் ஏறக்குறைய 700 வாட் குளிரூட்டும் திறன் செலவாகிறது. கோயம்புத்தூரில் நடுங்கவைத்த அதே ஏசி சென்னையில் சுமாராகத் தெரிவதற்கு ஒரு காரணம் இதுவே. சொட்டிக்கொண்டிருந்த வண்டியில் சொட்டு நின்று, பயணியின் காலடி நனைந்தால் வடிகால் குழாய் அடைத்திருக்கிறது. ஒரு கம்பியை வைத்து எடுத்துவிடலாம்.

காற்று வேகமாக வருகிறது, ஆனால் சூடாக வருகிறது என்றால் எஞ்சினை ஓடவிட்டு ஏசி பட்டனை அழுத்திக் காது கொடுங்கள். பல வண்டிகளில் கம்ப்ரஸர் கிளட்ச் ஒட்டும் டக் சத்தம் கேட்கும். எஞ்சின் ஒரு கணம் தளர்ந்து மீளும். சத்தமே இல்லையா? ஃபியூஸ், ரிலே, கிளட்ச் காயில் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். கேஸ் மிகவும் குறைந்திருந்தாலும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை ஓட விடாது, ஏனென்றால் கம்ப்ரஸருக்கு எண்ணெயைச் சுமந்து வருவதும் இந்தக் கேஸ்தான். கேஸ் இல்லாமல் ஓடினால் எண்ணெய் இல்லாமல் ஓடியதற்குச் சமம். மாறாக, கம்ப்ரஸர் ஓடுகிறது, சிவப்பு முள் ஏறவில்லை, நீல முள் இறங்கவில்லை என்றால் கம்ப்ரஸரே களைத்துவிட்டது. செலவு பெரியது.

கம்ப்ரஸர், ஃபேன், கேஸ் எல்லாம் சரி, ஆனாலும் குளிரவில்லை என்று வரும் வண்டிகளும் உண்டு. வெப்பநிலைக் குமிழ் சிவப்புப் பக்கம் ஒரு நூல் நகர்ந்திருக்கும். அல்லது உள்ளே ஹீட்டர் மடல் பாதியில் சிக்கி நிற்கும். ஒரு பக்கம் ஏசி வெப்பத்தை வார, மறுபக்கம் 90 டிகிரி எஞ்சின் தண்ணீர் அதை நிரப்பிக்கொண்டிருக்கும். நம் ஊரில் கார் ஹீட்டரால் கண்ட பலன் இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

உண்மையிலேயே கேஸ் குறைந்திருந்தால்? ஓட்டையைத் தேட வேண்டும். கேஸ் போகும் இடத்தில் அதோடு எண்ணெயும் கசியும். எண்ணெயில் புழுதி ஒட்டும். குழாய் இணைப்பிலோ கம்ப்ரஸர் மூக்கிலோ பிசுபிசுப்பான கறுப்புத் திட்டு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலும் ஐம்பது ரூபாய்கூடப் பெறாத ஓ-ரிங்காகவே இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவலாம்; புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம் கலந்து பார்க்கலாம். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று அலுமினியத்தை அரித்துக் கண்டென்சரில் ஊசித் துளை போட்டிருக்கும். டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஓட்டை என்றால்தான் தலைவலி. டாஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும். அந்த வேலைக்கு அஞ்சித்தான் பலர் வருஷா வருஷம் கேஸ் அடித்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள்.

ஓட்டையை அடைத்ததும் வேக்கம் போட வேண்டும். அரை மணி நேரம் பம்ப் ஓடுவதைப் பார்த்து, சும்மா நேரத்தை ஓட்டுகிறார்கள் என்று நான் நினைத்ததுண்டு. குழாய்க்குள் நுழைந்த ஈரத்தை விரட்டும் வேலை அது. ஊட்டிக் கணக்கை இன்னும் கொஞ்சம் தூரம் கொண்டுபோனால் விளங்கும்: காற்றழுத்தத்தை இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறைத்தால் தண்ணீர் 30 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். தப்பிய ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையில் ஐஸாக உறைந்து வழியை அடைக்கும். எண்ணெயோடு கலந்து உள்ளே அரிப்பையும் உண்டாக்கும். வேக்கம் போடாமல் மேலே மேலே கேஸ் அடிப்பதை டாப் அப் என்கிறார்கள். செல்போனுக்குப் பொருந்தும் வார்த்தை, ஏசிக்குப் பொருந்தாது.

மலிவான கேஸ் டப்பாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆர் 134ஏ என்ற பெயரில் வேறு எதையோ அடைத்து விற்பது உலகம் முழுவதும் நடக்கிறது. 2011-ல் அப்படிப்பட்ட போலிக் கேஸில் கலந்திருந்த மெத்தில் குளோரைடு, அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருளை உண்டாக்கியது. கப்பலில் போகும் குளிர்பதனப் பெட்டிகள் சில வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். கார் ஏசியிலும் உள்ளே இருப்பது அலுமினியம்தான். புரொப்பேன், பியூட்டேன் கலந்த டப்பாக்கள் இன்னொரு வகை. அவை நன்றாகவே குளிரூட்டும். ஆனால் அந்தக் கேஸுக்காக வடிவமைக்காத வண்டியில் கூலிங் காயில் கசிந்தால், நாம் உட்கார்ந்திருக்கும் பெட்டிக்குள் எரிவாயு நிரம்பும்.

கசிந்த கேஸ் எங்கே போகிறது என்ற கேள்விக்குப் பெரிய வரலாறே உண்டு. பழைய கார்களில் இருந்த ஆர் 12 கேஸ் வானில் ஏறி ஓசோனைத் தின்னும் என்று 1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற இரு வேதியியலாளர்கள் எழுதினார்கள். அப்படிப்பட்ட கேஸ்களைக் கட்டுப்படுத்த 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. ஆர் 12-ன் இடத்தைப் பிடித்த ஆர் 134ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் ஒரு கிலோ வெளியேறினால் நூறு ஆண்டுக் கணக்கில் 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். என் வண்டியின் 350 கிராமைக் காற்றில் விட்டால் அரை டன் கரியமில வாயு. 200 லிட்டருக்கு மேல் பெட்ரோல் எரித்ததற்கு நிகர். சின்னக் காரில் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஐந்து தடவை போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் புதிய கார்களில் இந்தக் கேஸ் கூடாது. இங்கே எத்தனையோ பட்டறைகளில் வால்வைத் திறந்து உஸ்ஸென்று விட்டுவிடுகிறார்கள். பாய் சிலிண்டருக்குள் எடுத்தது எனக்காக மட்டும் செய்த வேலை அல்ல.

அடுத்த முறை யாராவது கேஸ் இறங்கிடுச்சு என்று சொன்னால், எங்கே ஒழுகுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். வேக்கம் போட்டார்களா என்று கேளுங்கள். ஸ்டிக்கரில் உள்ள அளவையும் ஏற்றிய அளவையும் பில்லில் கிராமில் எழுதி வாங்குங்கள்.

பாய் கார்பன் பிரஷை மாற்றி, தராசில் வைத்து 350 கிராம் ஏற்றி அனுப்பினார். அதற்குப் பிறகு மூன்று கத்திரி போயிற்று. அந்த 350 கிராம்தான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.